கதையும் மண்ணாங்கட்டியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். நோட்டை அரிசி டப்பாவுக்குள் போட நேரமில்லை.

"இன்னாடி எழுதற?"

"கதை."

"கதையும் மண்ணாங்கட்டியும்! எழுந்து போயி மீனக் கழுவு."

அம்மா திட்டத்தான் திட்டினாள். ஆனால் அப்போது என் மடியில் கிடந்த பூனையின் பெயர் மண்ணாங்கட்டி. கையில் இருந்தது கதை. ஆக, அம்மா கண்ணால் கண்டதை அப்படியே சொல்லியிருக்கிறாள். மீனைக் கழுவும்போது இதை நினைத்துச் சிரித்தேன். செதிலோடு செதிலாகத் தலைப்பும் கையில் ஒட்டிக்கொண்டது.

இது என் பதினோராவது நோட்டு. மற்ற பத்தும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். (அரிசி டப்பாவில் இல்லை. அதில் ஒன்றுதான் கொள்ளும்.)

(பிறகு சேர்த்தது: இனி சதுர அடைப்புக்குள் வரும் வரிகள் நோட்டில் பச்சை மையில் இருக்கின்றன. அவற்றை எழுதியது நான் இல்லை. யார் என்று ஐந்தாம் பகுதியில் தெரியும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பொறுத்துக்கொண்டேன்.)

[அரிசி டப்பாவில் காகிதம் வைத்தால் வண்டு வரும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பூர்ணிமா பூனை வாங்கப் புறப்பட்டபோது கடற்கரைச் சாலையில் மாலை வெயில் தங்கத்தை உருக்கி —"

நிறுத்திவிட்டேன். தங்கம் விற்கிற விலைக்கு அதை யாரும் சாலையில் உருக்க மாட்டார்கள். ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் வெயில் இல்லை, பூர்ணிமா. அவளுக்கு இருபத்தைந்து வயது கொடுத்தேன். வங்கியில் வேலை, சொந்த ஸ்கூட்டர், யாரோடும் பேசுகிற வாய், எல்லாம் கொடுத்தேன். பூனை விற்கும் கடைக்குள் அனுப்பினேன். அவள் கடைக்காரரிடம் வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும். என்ன கேட்பாள்? எனக்குத் தெரியவில்லை. நான் கடைக்காரர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பாவம், பூர்ணிமா கடை நடுவில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். அவளை ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"பூனை என்பது —"

அதுவும் வேண்டாம். கட்டுரை மாதிரி இருக்கிறது. எனக்குக் கட்டுரை ஆகாது. ஏன் ஆகாது என்று சொன்னால் அதுவே மூன்றாவது தொடக்கம் ஆகிவிடும். சொல்கிறேன்.

என் பெயர் மெரின். வயது பதினேழு. பதினோராம் வகுப்பில் தமிழ் மிஸ் என் கட்டுரையை எழுந்து வாசிக்கச் சொன்னார். நன்றாக இருந்ததால்தான் சொன்னார், அவர்மேல் தவறில்லை. எழுந்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேன். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தேன். அந்தக் காய்ச்சல் ஒன்றரை வருடமாக விடவில்லை.

நாங்கள் இருப்பது நெல்லித்தோப்பில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில், வாடகைக்கு. அம்மா ஞானமேரி கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமைக்கிறாள். அப்பா சூசைநாதன் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறார். இருவரும் கிளம்பிப் போனபின் நான் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பேன். தைத்து முடித்தால் எழுதுவேன். தைத்து முடிக்காவிட்டாலும் எழுதுவேன்.

மாடியில் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'. தெருவில் எல்லாருக்கும் அவர் 'மிசியே'. வாசலில் வெண்கலப் பலகையில் பிரெஞ்சு எழுத்தில் 'எம். கட்டி' என்று இருக்கும். எம் என்றால் மிசியே என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கட்டி என்பது ஏதோ பிரெஞ்சுப் பெயர் என்றும் முடிவு செய்துகொண்டோம். வாடகைப் பத்திரத்தில் அவர் முழுப்பெயர் இருந்திருக்கிறது. அப்பா அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இந்தக் கதைக்கு அப்பா செய்த மிகப் பெரிய உதவி அது.

மிசியே தினமும் காலை ஏழு மணிக்கு மாடிப்படியில் இருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். என்னைக் கண்டால் பிரெஞ்சில் வணக்கமாக "போன்ழூர்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். இரண்டு வருடமாக எங்கள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

[ஆட்டியது வணக்கமா, மறுப்பா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.]

சரி, பூனை ஏன்? வீட்டில் சொன்ன காரணம்: எலி அரிசியைத் தின்கிறது. உண்மையான காரணம்: எலி என் ஒன்பதாவது நோட்டைத் தின்றுவிட்டது. அதில் ஒரு காதல் கதை இருந்தது. கதாநாயகன் இருந்த பக்கங்களை மட்டும் தின்றிருந்தது. அரிசிப் போர்வையில்தான் இந்தத் துக்கத்தை நான் அப்பாவிடம் கொண்டுபோக முடிந்தது.

"எலியா? ஒரு பூனைய வாங்கிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

3

பூனையைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதுகிறவர்கள், ஆணா பெண்ணா, முடி நீளமா குட்டையா, சாதுவா சேட்டையா என்று யோசிக்கச் சொல்கிறார்கள். செல்போனில் படித்தேன். ஒருவர், பூனை வாங்கும் முன் உங்கள் சோபாவின் துணியை யோசியுங்கள் என்கிறார். எங்களிடம் சோபா இல்லை. அந்தக் கவலை ஒன்று மிச்சம்.

அப்பா என்னை முதலில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாரசீகப் பூனை இருந்தது. நான் மீன்தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஏன் சார் இதோட மூஞ்சி அமுங்கியிருக்கு? மேல உக்காந்துட்டாங்களா யாராவது?" என்றார் அப்பா.

"இந்த ஜாதியே அப்டித்தான் சார். பதினஞ்சாயிரம். ஷாம்பு, சீப்பு தனி. வெயில் தாங்காது, ஏசி வேணும்."

"எலி புடிக்குமா?"

"எலியப் பாத்தா பயந்துக்கும் சார்."

அப்பா மீன்தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பயந்துக்கறதுக்கு எங்க வூட்ல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் செல்வாம்பாள் அக்கா மீன் விற்கிறார். தவளக்குப்பத்திலிருந்து விடிவதற்குள் வேனில் வந்துவிடுவார். அவர் கடைப் பலகைக்கு அடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. போன வாரம் மூன்று. நாங்கள் போனபோது ஒன்று.

"ரெண்டு பூட்டுதுண்ணே. ஒண்ண நாய் தூக்கிக்கினு போச்சு. ஒண்ணு தானாவே பூட்டுது. இது ஒண்ணுதான் கீது. புடிச்சா எடுத்துக்குங்க, எடைக்குப் போட மாட்டேன்."

நம்மைப் பார்த்ததும் ஓடி வரும் குட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று செல்போனில் எழுதியிருந்தார்கள். இது எங்களைப் பார்த்ததும் காலி மீன் கூடைக்குள் போய், முகத்தை மூலையில் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. தன் முகம் மறைந்தால் தான் முழுதும் மறைந்துவிட்டதாக அதற்கு நினைப்பு. பதினோராம் வகுப்பில் எனக்கும் அந்த நினைப்புதான். நான் கூடைக்குள் கையை விட்டேன்.

"நல்ல பேரா வச்சிடாத கண்ணு" என்றார் செல்வாம்பாள் அக்கா. "முன்னாடி பொறந்தது தங்கலன்னா நல்ல பேரு வெக்கக் கூடாது. எமன் பேரக் கேட்டுத்தான் வருவான். மண்ணாங்கட்டின்னு வை. சீ, இதப் போயி எவன் தூக்குவான்னு திரும்பிப் பூடுவான். எங்க ஊர்ல பாதிப் பேரு அப்டித் தப்பிச்சதுதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அந்தோணின்னு வையேன், காணாமப் போனாலும் அவரே கண்டுபுடிச்சிக் குடுப்பாரு" என்றாள். உடனே, "வேணாம் வேணாம், புனிதர் பேரப் பூனைக்கு வெக்கக் கூடாது" என்று தானே சிலுவை போட்டுக்கொண்டாள். மண்ணாங்கட்டி என்றே ஆயிற்று. "ஒரு வாரம் பாப்பேன். வூட்ட நாசம் பண்ணா மார்க்கெட்லயே கொண்டு போயி வுட்டுருவேன்" என்று கெடுவும் வைத்தாள்.

இனி செலவு. பூனை இலவசம். இலவசமாக வந்த எதுவும் இவ்வளவு செலவு வைத்ததில்லை என்கிறாள் அம்மா. (அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.) முதல் வாரம் பால் வைத்தோம். பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் புடவைக்கும் தெரியவந்தது. மலம் கழிக்க மணல் வேண்டும். கடையில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அப்பா படகு போய்வரும் கடற்கரையிலிருந்தே பையில் கொண்டுவந்தார். அதில் சிப்பி இருந்தது. பூனை சிப்பியை வெளியே எடுத்துப் போட்டு விளையாடிவிட்டு, வேலையைத் துடைப்பத்தின்மேல் முடித்தது. மீன் தலை முதலில் சும்மா கிடைத்தது. பிறகு செல்வாம்பாள் அக்கா, "தலைக்கும் இப்ப கிராக்கி கண்ணு, ஃப்ளாட்காரங்கல்லாம் பூனைக்கின்னு வாங்கறாங்க" என்று பத்து ரூபாய் ஆக்கிவிட்டார்.

கால்நடை மருத்துவமனைக்கு அப்பாவும் நானும் போனோம். பூச்சி மருந்து, தடுப்பூசி. டாக்டர் அட்டையை எடுத்து, "பேரு?" என்றார்.

"மண்ணாங்கட்டி" என்றார் அப்பா.

"உங்க பேரு அப்புறம் சார். பூனை பேரு?"

அப்பா ஒரு வாரம் இதைப் படகில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார்.

எலி? மண்ணாங்கட்டி இன்றுவரை ஒரு எலியையும் பிடிக்கவில்லை. ஆனால் எலி போய்விட்டது. "பூனையால இல்ல பாப்பா, உன் கொரலால" என்கிறார் அப்பா.

இதுதான் நான் சொல்ல வந்த இடம். வந்து நான்காம் நாள், மண்ணாங்கட்டி என் தட்டிலிருந்து வஞ்சிரத் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. "டேய் மண்ணாங்கட்டி!" என்று ஒரு சத்தம் கேட்டது. தெருவில் யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். கத்தியது நான்.

அதற்குப் பிறகு அடைப்பு எடுத்த குழாய் மாதிரி ஆகிவிட்டேன், பூனையிடம் மட்டும். காலையில் எழுந்ததும் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிடுவேன். "மண்ணாங்கட்டி! வெக்கமா இல்ல, இவ்ளோ நேரமாடா தூங்குவ?" "மண்ணாங்கட்டி! தொப்பையப் பாரு, படி ஏற முடியுதா உன்னால?" "டேய், மறுபடியும் செடித் தொட்டியிலயா போன? கண்ட எடத்துல போற வயசா இது?" அம்மா பூனைக்கு வைத்த கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் துடைப்பத்தைக் கழுவிக்கொண்டே, "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்தப் பூனை போய்விட்டால் என் குரலும் கூடவே போய்விடும்.

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மறுபடியும் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.)

[முழங்கால் தேய்மானத்தால்தான் படி ஏறச் சிரமம். தொப்பை காரணம் அல்ல. செடித் தொட்டியில் நான் ஊற்றியது தண்ணீர்.]

4

மூன்றாம் பகுதியோடு கதை முடிந்திருக்க வேண்டும். 'ஒரு பூனை வந்தது, ஒரு பெண் வாய் திறந்தாள், எலி ஓடியது' என்று கடைசி வரிகூடத் தயாராக இருந்தது. எழுத உட்கார்ந்தபோது வாசலில் தபால்காரர் வந்தார். கதைகள் ஒழுங்காக முடியாததற்குத் தபால் துறையும் ஒரு காரணம்.

புது ஆள். பழையவராக இருந்தால் நேரே மாடிக்குப் போயிருப்பார். இவர் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு கையிலிருந்த உறையைப் படித்துப் படித்துக் கத்தினார்.

"மண்ணாங்கட்டி! யாருங்க இங்க மண்ணாங்கட்டி?"

வீட்டில் நான் மட்டும்தான். ஆள் வந்தால் நான் கதவைத் திறப்பதில்லை. ஆனால் கேட்கிற பெயர் என் பூனையின் பெயர். ஏதாவது செய்துவிட்டதா? பக்கத்துத் தெருவில் மீனைத் திருடிவிட்டதா? தடுப்பூசிக்கு இரண்டாம் தவணை என்று கடிதம் வந்திருக்கிறதா? அரசாங்கத்தில் பூனைக்குக் கடிதம் போட மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தோன்றவில்லை. வெளியே வந்தேன். பேச வாய் வரவில்லை. ஆகவே பூனையை இரண்டு கைகளாலும் தூக்கி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

தபால்காரர் பூனையைப் பார்த்தார். உறையைப் பார்த்தார்.

"இதுவா? ஃபிரான்ஸ்லேர்ந்து ரிஜிஸ்டர் வந்துருக்கும்மா. இது கையெழுத்து போடுமா?"

"அது போடாது" என்று மேலே இருந்து ஒரு குரல் வந்தது. "நான் போடுவேன்."

மிசியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். மொத்தம் பதினான்கு படி. பதினான்கு படியும் நான் பூனையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன், இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் தபால்காரரிடம் பேனாவை வாங்காமல் தன் பையிலிருந்து ஒரு பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். உறையில் பெயர் பிரெஞ்சு எழுத்தில் தெளிவாக இருந்தது. எழுத்துக் கூட்டினேன். மண்ணாங். கட்டி.

வெண்கலப் பலகையில் கட்டி மட்டும்தான் இருந்தது. மண் அந்த எம்முக்குள் ஒளிந்திருந்தது.

அவர் பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மதாம் ஞானமேரி வந்ததும் மேல வரச் சொல்லு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

[அன்று ஆட்டியது ஆமோதிப்பு என்று எனக்கே தெரிந்தது.]

5

அம்மா மேலே போனாள். நான் படிக்கட்டின் கீழே நின்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் மதாம். காலையில ஏழு மணிக்கு நான் தண்ணி ஊத்த வெளிய வந்தா, என் வீட்டு வாசல்ல நின்னு என் பேரச் சொல்லி வாடா போடாங்கறா. தொப்பைங்கறா. கண்ட எடத்துல போறியாங்கறா. ஜெனரல்கூட என்னை அப்படிப் பேசினது கெடையாது."

"ஐயோ மிசியே, அது பூனைங்க! உங்க பேரு அதுன்னு எங்களுக்கு எப்டித் தெரியும்?"

"பத்திரத்துல இருக்கே."

"அத அவுரு படிக்கலீங்க."

"எல்லாத்துக்கும் தலையாட்டற பொண்ணு, அதுக்கு வாயே இல்லன்னு நெனச்சேன். வாயத் தொறந்தா என்னைத் திட்டறதுக்கு மட்டும் தொறக்குது. எவனோ பேரச் சொல்லிக் குடுத்து ஏவி விட்டிருக்கான்னு நெனச்சேன். அலோர், சரி, இன்னும் பத்து நாள். பூனையோட பேர மாத்துங்க. இல்லன்னா பூனைய மாத்துங்க. இல்லன்னா வீட்ட மாத்துங்க."

பேரை மாற்றுவதுதான் மூன்றிலும் மலிவு. அன்று இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்கினோம். அம்மா "ஜிம்மி" என்றாள். அப்பா, "அது நாய்ப் பேரு, பூனைக்குக் கோவம் வரும்" என்றார். டாம், ரோசி, மின்னல், மினிஸ்டர் என்று கூப்பிட்டுப் பார்த்தோம். பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் உதட்டை மட்டும் அசைத்து, காற்றாக, "மண்ணாங்கட்டி" என்றேன். திரும்பிப் பார்த்தது. என் குரல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்குக் கேட்டுவிடும்.

செல்வாம்பாள் அக்காவிடம் அம்மா கேட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பேர மாத்தறதா? எமனுக்கு விலாசம் எழுதிக் குடுக்கற மாதிரி. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

எனக்கு எமன்மேல் நம்பிக்கை இல்லை. நாங்கள் வேறு கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் மற்ற இரண்டு குட்டிகளும் போனது உண்மை, இது இருப்பதும் உண்மை. சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரே வழி, நான் மேலே போய் விளக்கிச் சொல்வது. படி ஏறினேன். எட்டாவது படியில் வாயைத் திறந்து பார்த்தேன். பதினோராம் வகுப்பு. இறங்கிவிட்டேன். மறுநாள் பத்தாவது படி. இறங்கிவிட்டேன். மூன்றாம் நாள் பதினான்கு படியும் ஏறி, கதவுக்கு அடியில் இந்த நோட்டைத் தள்ளிவிட்டு ஓடி வந்துவிட்டேன். 'திரும்பிப் பார்த்தது' என்ற இடம்வரைக்கும், தொப்பை உட்பட, எல்லாம் அதில் இருந்தது. அதுவரை ஒரு மனிதர்கூடப் படிக்காத நோட்டு அது. எலிகூடத் தொடவில்லை.

மூன்று நாள் மேலே சத்தமே இல்லை. நான்காம் நாள் நோட்டு திரும்பி வந்தது, எனக்கு இல்லை, அம்மாவின் கைக்கு. "மதாம், உங்க பொண்ணு கதை எழுதறா. பிழை கம்மி" என்று சொல்லிக் கொடுத்தாராம். அம்மா வாசலிலேயே நின்று முதல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள்.

"அரிசில வண்டு வருது வண்டு வருதுன்னு நான் கடைக்காரங்கிட்ட போயி சண்ட போட்டேன். நோட்டு வச்சது நீதானாடி?"

கேட்டுவிட்டு உள்ளே போனாள். எண்ணெய்த்தாள் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். கை கொஞ்சம் மீன் வாசனையோடு இருந்தது.

பச்சை மையை நீங்கள் இதுவரை பார்த்துக்கொண்டு வந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் அவர் நீளமாக எழுதியிருந்தார். அதையும் அப்படியே தருகிறேன்.

[என் தாய்க்கு எனக்கு முன் நான்கு பிள்ளைகள். ஒன்றும் தங்கவில்லை. ஐந்தாவதாகப் பிறந்த என்னைக் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்து, ஒரு பிடி தவிட்டுக்கு என் தாயிடமே திரும்ப விற்று, இந்தப் பெயரை வைத்தார்கள். பட்டாளத்தில் என் பெயரை இரண்டாக வெட்டி, கட்டி என்பது குடும்பப் பெயர், மண்ணாங் என்பது என் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம். மண்ணை ஓர் எழுத்துக்குள் மடித்து வைத்துவிட்டேன். கூட இருந்தவர்கள் பெயரையே மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றவில்லை. வெளியே சொல்லக் கூச்சம், மாற்றப் பயம். எனக்கு வயது எழுபத்து மூன்று. பெயர் இன்னும் வேலை செய்கிறது.

ஆகவே பூனையின் பெயரை மாற்ற வேண்டாம். அதற்கு ஆகாது.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு மண்ணாங்கட்டி இருந்தால், வயதில் மூத்தவனுக்கு முதல் மரியாதை வேண்டும். நிபந்தனை: வரும் ஞாயிறு தொடங்கி தினமும் காலை ஏழு மணிக்கு, பூனையைக் கூப்பிடும் முன், என்னிடம் நேரில், வாயால், "போன்ழூர், மிசியே மண்ணாங்கட்டி" என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. தலை ஆட்டினால் செல்லாது. செடிப் பக்கம் திரும்பி நிற்பேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்குக் கேட்டால்தான் சொன்னதாக அர்த்தம். பூனையை அழைத்தது இரண்டு மாதம் கேட்டது, எனவே உன்னால் முடியாது என்று சொல்ல முடியாது. முதல் நாளே தவறினால் பூனை வேறு வீட்டுக்குப் போக வேண்டும்.

பி.கு. மூன்றாம் பகுதியில் பாரசீகப் பூனை நன்றாக இருக்கிறது. பூர்ணிமாவை விட்டது நல்லது.]

6

ஒரு பூனை வளர்க்க என்ன செலவாகும் என்று யாராவது என்னைக் கேட்டால் இனி இப்படிச் சொல்வேன்: மீன் தலை, மணல், ஊசி, ஒரு புடவை, ஒரு துடைப்பம், ஒரு நாளைக்கு மூன்று சொல். மற்றதெல்லாம் அப்பாவும் அம்மாவும் கொடுத்துவிடுவார்கள். மூன்று சொல்லை நான்தான் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அப்பா சட்டைக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு, சொம்பும் கையுமாக மிசியே ஆனார்.

"போன்ழூர், மிசியே மண்..." என்றேன்.

"இன்னாது? காது கேக்கலியே."

"போன்ழூர், மிசியே மண்ணாங்கட்டி."

மூன்றாவது சொல்லைக் கேட்டதும் பூனை ஓடி வந்து என் காலைச் சுற்றியது. அப்பா, "பாரு, மரியாதை எனக்கு, வாலாட்டறது அது" என்றார்.

"நாய்தாங்க வாலாட்டும்" என்றாள் அம்மா. "நீ சொல்லுடி. மூணு சொல்லுதான. எங்க வுடுதியில வர்ற வெள்ளக்காரங்ககிட்ட நான் ஒரு நாளைக்கு முப்பது தடவ போன்ழூர் சொல்றேன். ஒருத்தரும் கடிக்கல."

இரவு உட்கார்ந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நான் கணீரென்று சொல்கிறேன். மிசியேவின் கண் கலங்குகிறது. மாதா கோயில் மணி அடிக்கிறது. நான் திரும்பவும் பள்ளிக்கூடம் போய் மாநிலத்தில் முதலாவதாக — (இதற்குமேல் பேனாவே எழுத மறுத்துவிட்டது.)

முடிவு இரண்டு: சத்தம் வரவில்லை. பூனையைக் கூடையில் வைத்து செல்வாம்பாள் அக்காவிடம் கொண்டுபோகிறோம். அது கூடையின் மூலையில் முகத்தை வைத்து, முதுகை — (இதை எழுதும்போது மண்ணாங்கட்டி வந்து நோட்டின்மேல் படுத்துக்கொண்டது. தற்செயல்தான். ஆனால் அதைத் தள்ளிவிட்டு இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை.)

முடிவு மூன்று: வீட்டைக் காலி செய்து அரியாங்குப்பம் போகிறோம். வாடகை குறைவு, அப்பாவுக்குப் படகுத்துறையும் கிட்டத்தில். இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு மண்ணாங்கட்டி இருப்பாங்க பாப்பா. நாலு பேருக்கும் வணக்கம் சொல்லணும், பரவால்லியா?" என்றார். அடித்துவிட்டேன்.

நான்காவது, நடந்தது. இன்று ஞாயிறு. ஏழு மணிக்கு மேலே கதவு திறந்தது. மிசியே இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் இஸ்திரி போடுவதில்லை. சொன்னபடியே எனக்கு முதுகைக் காட்டிச் செடிப் பக்கம் திரும்பி நின்றார். பூனை மூன்றாவது படியில், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் ஓணானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்னால் இரண்டு முதுகுகள். கதவுக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் மூச்சு விடாமல் இருந்தார்கள். அவர்கள் மூச்சு விடாமல் இருக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

வாயைத் திறந்தேன். பதினோராம் வகுப்பு மாதிரியே திறந்தது. மிசியேவின் சொம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆனாலும் அவர் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றார், ஊற்றுகிற மாதிரி. ரோஜாச் செடிக்கு ஒரு சொட்டும் விழவில்லை. அவர் நகரவில்லை.

சொன்னேன். மூன்று சொல்லையும் சொன்னேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. என் காதுக்குள் கடல் இரைந்துகொண்டிருந்தது.

இரண்டு முதுகுகளில் ஒன்று அசைந்தது.

பள்ளிக்கூடத்தில் கற்றதில் எனக்கு உபயோகமாக மிஞ்சியது ஒன்றுதான். தமிழில் வினையின் வாலைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே கடைசி வரியின் வாலை மட்டும் எழுதாமல் விடுகிறேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இத்தனை பக்கம் நான் பேசிவிட்டேன், இரண்டு எழுத்தாவது நீங்கள் போடுங்கள். 'தது' போட்டால், என் குரல் பூனையைத் தாண்டிப் போகவில்லை என்று அர்த்தம். அப்படிப் போடுகிறவரே பூனையை எடுத்துக்கொள்ள வேண்டும், செலவு விவரம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. 'தார்' போட்டால், நான் நாளைக் காலையும் ஏழு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். பார்த்துப் போடுங்கள். பச்சை மை வேண்டாம், அது ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது.

மண்ணாங்கட்டி திரும்பிப் பார்த்